பதினான்காம் எண் பச்சை

டொலீடோவில் பிப்ரவரி.
ஏரிக்காற்று, மண்டபத்தின் கண்ணாடிக் கதவைத்
தள்ளித் தள்ளிப் பார்க்கிறது
டிக்கெட் வாங்காதவன் மாதிரி.
எனக்குக் கழிப்பறைக்குப் பக்கத்து மேசை.
‘வெர்னா கொவால்ஸ்கி, ஒப்பனை’ என்று ஓர் அட்டை.
கையெழுத்து பத்து டாலர்.
தளபதி யோராத்தாக நடித்தவருக்கு எண்பது இருந்தது;
போன வருஷம் செத்தார்,
இப்போது பழைய கையெழுத்து நானூறு.

ஆறு படம், பதினொரு வருஷம்,
விடிகாலை நாலு மணிக்கு அந்த முகத்துக்குப் பச்சை பூசினேன்.
கடையில் கிடைக்காத பச்சை.
பதினான்கு தடவை கலந்து பார்த்து
பதினான்காவதில் நின்றது.

ஏழாவது படத்தில் யோராத்தாக
டெட்ராய்ட்காரன் ஒருவன் நடிக்கிறானாம். கறுப்பு இளைஞன்.
மேடையில் அதுதான் சண்டை.
ஃபோர்ட் வெய்னிலிருந்து வந்த கார்ல்டன் ஹஃப்,
கூரை போடுகிற தொழில்,
தொப்பைக்கு மேல் தளபதியின் பழைய சீருடை,
ஒலிவாங்கியை விடவே இல்லை.
‘எனக்கு வெறுப்பெல்லாம் கிடையாது.
தொடர்ச்சி முக்கியம், அவ்வளவுதான்.’
பின்வரிசையிலிருந்து ஒடெசா,
பதினாறு வயசு, முகமெல்லாம் பச்சை,
‘அவன் பச்சை, ஸார்’ என்றாள்.
சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து
கார்ல்டன் சொன்னார்:
‘பச்சைக்கு அடியில் தெரியும்.’

அந்தக் கிரகத்தில் இரண்டு சூரியன்.
யோராத்துக்கு மூன்று சிறுநீரகம்.
இறந்தவர்களோடு கல் வழியாகப் பேசுகிறான்.
எல்லாவற்றையும் நம்புகிறார்கள்.
ஒரு மூக்குதான் தொண்டையில் சிக்குகிறது.

சாயம் வெளுத்துவிட்டது என்று சொல்வார்களே,
என் தொழிலில் அது தினமும்
இரவு எட்டு மணிக்கு,
ஒரு வாளி வெந்நீரில்.
இரண்டு முகங்களைக் கழுவினேன்.
ஒன்று, ஏணியில் மூன்றாம் படி ஏறினாலே
கண்ணை மூடிக்கொள்ளும் நடிகருடையது.
மற்றது லெமுவல் டேட்.
இண்டியானாவின் கேரியில் பிறந்தவன்.
தீயில் அவன். தண்ணீரில் அவன்.
விழுவதெல்லாம் அவன்.
நடிகருக்கு அடியில் வெள்ளைப் பூச்சு போட்டாக வேண்டும்,
இல்லாவிட்டால் பச்சை நோயாளி மாதிரி இருக்கும்.
லெமுவலுக்கு எதுவும் வேண்டாம்.
தோலில் வைத்ததும் பிறந்த வீட்டுக்கு வந்ததுபோல்
உட்கார்ந்துகொள்ளும்.
இருபது நிமிஷம் மிச்சம்; அதில் காபி குடிப்போம்.
காறை எலும்பு முறிந்த அன்று
ஆஸ்பத்திரித் தலையணையில் பச்சை வியர்வை.
பெயர் வரிசையில் அவன் பெயருக்கு
ஓர் எழுத்து குறைத்துப் போட்டார்கள்.

மூன்று மணிக்குக் கார்ல்டன் என் மேசைக்கு வந்தார்.
சுருட்டிய போஸ்டரை, குழந்தைக்குத் துணி மாற்றுகிற கவனத்தோடு விரித்தார்.
மூன்றாம் படம். கோபுரத்திலிருந்து தாவும் தளபதி,
கை இரண்டும் விரிந்து.
‘எட்டாம் வகுப்பில் தினமும் அடி வாங்குவேன்,
வீட்டுக்கு வந்து இதைப் பார்ப்பேன்’ என்றார்.
பத்து டாலரை வைத்தார். மூலையில் கையெழுத்துப் போடச் சொன்னார்.

பேனா மூடியைக் கழற்றினேன். மறுபடி மூடினேன்.
‘இதில் அவர் இல்லை’ என்றேன்.
‘எந்த ஷாட்டில்?’
‘இதில். குதிக்கிற எதிலும்.’

அன்று மழை, அவசரம்.
இடது காதுக்குப் பின்னால் ஒரு புளியங்கொட்டை அளவு
பூச மறந்துவிட்டேன்.
எனக்கு அது முப்பத்தொரு வருஷ வெட்கம்.
விரலை அங்கே வைத்தேன்.

அவர் குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
இன்னும் குனிந்தார்.
பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள்.

‘நிழல்னு நினைச்சேன்’ என்றார்.

போஸ்டரைச் சுருட்டவும் இல்லை, போகவும் இல்லை.
ஒடெசா அவருடைய தோளைத் தாண்டி எட்டிப்பார்த்தாள்.
தாடையோரம் அவள் பச்சை வழிந்துகொண்டிருந்தது.
மலிவு ரகம், வியர்வை தாங்காது.
நான் பேனாவைத் திறந்து
அவள் உள்ளங்கையில் விகிதத்தை எழுதினேன்:
காவி ஒரு பங்கு. வெள்ளை வேண்டாம்.

‘அவர் பேரை எப்படி எழுதணும்’ என்று
கார்ல்டன் கேட்டது
யாரிடம் என்று முதலில் புரியவில்லை.